இரண்டு மணி நேர ராகுகாலம்

"பேசுங்க" என்றாள் மங்கை.

மங்கை என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அதிகமாகச் சொன்ன சொல் "போதும்". அதற்கு அடுத்தபடியாக, "கொஞ்சம் வாயை மூடுங்க". அப்படிப்பட்டவள் அன்று மத்தியானம் என் பட்டுச் சட்டையின் காலரைச் சரிசெய்து, டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்து, விலாவில் ஒரு குத்தும் குத்தி, "நிறுத்தாம பேசுங்க" என்றாள்.

வெளியே ஆனி மாத வெயில். ஃபேன் காற்றில் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து பாயசத்தின் ஏலக்காய் வாசனை. டிவியில் பிரான்ஸ் தெரிந்தது. அங்கே என் மகள் நிவேதா புடவை கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

போன வாரம் இதே பக்கத்தில் வந்த ஜெனரேட்டர் கதையில் என்னைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவர்கள், இந்த வாரம் இந்த நாற்காலியில் கொஞ்சம் காத்திருக்கவேண்டும். என் வாயைப் பற்றிச் சொல்லாமல் அந்த மௌனத்தைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாய் வளர்த்த கதை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "மைக் செட்காரர்" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடும். ரேடியோ செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விட்டேன். பேசுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் நானே பேசவும் செய்தேன். கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம், காது குத்து, கடைத் திறப்பு, எதுவாக இருந்தாலும் ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன்.

மாசி மகத்தன்று ஒரு குழந்தையைக் காணவில்லை என்று சொல்லச் சொன்னார்கள். குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்வதற்கு முன்னால் விழாக் குழுவை வாழ்த்தினேன். பிறகு கடலை வாழ்த்தினேன். பந்தல் போட்டவரை, மோர் ஊற்றியவரை, போலீஸ்காரர்களை எல்லாம் வாழ்த்திவிட்டுக் குழந்தைக்கு வந்தபோது, அந்தக் குழந்தையே வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அதன் அம்மா எனக்கு நன்றி சொல்லவில்லை. முறைத்துவிட்டுப் போனாள்.

நிவேதா சின்ன வயதில் பள்ளி விட்டால் என் ஆட்டோவில் ஏறிக்கொள்வாள். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு முக்காலி. நான் மைக்கை எடுத்து "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் மூச்சு வாங்கும்போது கையை எடுப்பாள். மறுபடி தொடங்கினால் மறுபடி பொத்துவாள். முத்தியால்பேட்டை முழுக்க இப்படியே சுற்றுவோம்.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் பகலும் இரவும் ஒரே அளவில் இல்லை என்பது யாரும் சொல்லாமலே தெரியும். ஆனி மாதத் திருவிழாவில் சீரியல் லைட் போட ஆறரை ஆகிவிடும். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே "என்னா மைக் செட்காரரே, இருட்டாயிடுச்சி, இன்னும் லைட்டு போடல" என்று விழாக் குழு கத்தும். கார்த்திகையில் ஜெனரேட்டர் அதிகமாக டீசல் குடிக்கும். அது ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசிக்கவே இல்லை. ஜெனரேட்டருக்கும் குளிர்காலத்தில் பசி எடுக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

கையெழுத்துதான் கல்யாணம்

அந்த நிவேதா வளர்ந்து, மேல்படிப்புக்கு பிரான்ஸ் போய், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு, பிரவீனைக் கண்டுபிடித்தாள். கடல் தாண்டிப் போய் அவள் பிடித்த மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் மூலக்குளம். பஸ் ஏறினால் அரை மணி நேரம். இதற்கு விமானம் எதற்கு என்று கேட்டேன். மங்கை "போதும்" என்றாள்.

பிரவீனின் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பிரவீனின் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, மூலக்குளத்தில் தனியாக இருக்கிறார். பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது, ஆனால் அவர் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. குளிர் ஆகாது, முட்டியும் ஒத்துழைக்காது.

ஏற்பாடு இதுதான். ஆனியில், பிரான்சின் வடக்கு மூலையில் அவர்கள் இருக்கும் சின்ன ஊரின் மெரியில் பதிவுக் கல்யாணம். மெரி என்றால் நகராட்சி அலுவலகம். ஆவணியில் இங்கே மாலை மாற்றித் தாலி கட்டுவது. எங்களுக்கு நேரத்துக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் மெரி கல்யாணத்தை டிவியில்தான் பார்க்க முடியும்.

எனக்கு அது வெறும் கையெழுத்து. சம்பந்தியம்மாவுக்கு அப்படி இல்லை.

"மேளம் அடிச்சி தாலி கட்டுறது ஊருக்கு. கையெழுத்துதான் கல்யாணம்" என்றார். "என் கையெழுத்து ராகுகாலத்துல வுழுந்துச்சி சம்மந்தி. ஆபீசர் லேட்டா வந்தாரு. நல்ல நேரம் போயிடுச்சின்னு எங்கப்பா சொன்னாரு, யாரும் கேக்கல. ரெண்டாவது வாரம் இவுரு கப்பல் ஏறிட்டாரு. திரும்பி வந்து நிக்கிறப்போ பெரியவன் நடக்குறான். யாருடா இந்தாளுன்னு என் பின்னாடி ஒளியிறான்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

"அது என்னோட போவட்டும். இதுங்க கையெழுத்தும் ராகுகாலத்துல வுழுந்துச்சின்னா, ஆவணியில நான் மண்டபத்துப் பக்கம் வர மாட்டேன். மனசு கேக்காது."

சம்பந்தியம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். மாமியார் இல்லாத மண்டபத்தில் என் மகள் தாலி கட்டிக்கொள்ள நான் விட முடியாது.

மெரியில் கொடுத்திருந்தது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று பள்ளியில் படிக்காததை எல்லாரும் வீட்டில் படித்திருக்கிறோம். 'தி' திங்கள், 'ச' சனி என்று அந்த வரிசையில் ஒவ்வொரு நாளாக ராகுகாலம் ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போகும். சரியாக ராகு வாசலில் வந்து நிற்கிற நேரத்தில் கல்யாணமா?

நிவேதா மெரிக்கு நடையாக நடந்து, யாரோ ஒரு ஜோடியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நேரத்தை மாற்றிக்கொண்டாள். பதினொரு மணி. ராகுகாலம் போய் அரை மணி ஆகியிருக்கும். சம்பந்தியம்மா சந்தோஷப்பட்டார். நான் பெரிய மார்க்கெட்டில் ஒரு கூடைப் பழம் வாங்கிக்கொண்டு மூலக்குளத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பழம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். உட்கார்ந்து பேசினேன்.

ஒன்பதரை மணி வெயில்

பேச்சுக்கு நடுவில், முந்தின ராத்திரி நிவேதா அனுப்பியிருந்த வீடியோவைச் சம்பந்தியம்மாவுக்குக் காட்டினேன். ஒரு பூங்கா. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஒரு கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார். மரத்தின் மேல் மஞ்சள் வெயில். "அப்பா, இப்ப ராத்திரி ஒம்போதரை மணி. சூரியனப் பாருங்க, போவமாட்டேங்குது" என்கிறாள் மகள்.

"புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுது. இது நாலு மணி வெயிலு" என்றார் சம்பந்தியம்மா.

"இல்ல சம்மந்தியம்மா, அங்க ஆனி மாசத்துல பத்து மணிக்குத்தான் சூரியன் எறங்கும்."

அவர் வீடியோவை மறுபடியும் பார்த்தார். பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த புருஷனின் படத்தைப் பார்த்தார்.

"இவுரு எழுதுவாரு. ராத்திரி சாப்பாட்ட வெயில்ல உக்காந்து சாப்புடுறேன்னு. நான் எங்கம்மாகிட்ட சொன்னேன். அவுங்க, மாப்ள அங்க போயி ஒயினு குடிக்க ஆரம்பிச்சிட்டாரு போலன்னு சொன்னாங்க. நானும் அதான் நெனச்சேன். வந்தவரு வாய மோந்து பாத்தேன் சம்மந்தி."

"அடப் பாவமே."

"பாவம்தான்" என்றார். படத்தின் மாலையைச் சரிசெய்துவிட்டு வந்தார். "அது எப்பிடி சம்மந்தி? அங்க சூரியன் கிட்ட வந்துடுமா?"

கேள்வி கேட்டுவிட்டார். இனி என்னை யார் தடுப்பது? மங்கையும் கூட வரவில்லை.

எலுமிச்சம்பழம்

எனக்கு இதெல்லாம் தெரியும் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மைக் செட் என்னுடையது. என் டேபிளை எங்கே போட்டார்கள் தெரியுமா? பூமியும் சூரியனும் என்ற ஸ்டாலுக்குப் பக்கத்தில். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு பள்ளிப் பிள்ளை எலுமிச்சம்பழத்தையும் ஊசியையும் வைத்துக்கொண்டு ஒரே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. மதியத்துக்கு மேல் அது தண்ணீர் குடிக்கப் போனால் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க. கோணி ஊசி இருக்குதா?"

சம்பந்தியம்மா கொண்டுவந்து கொடுத்தார். பழத்தின் காம்பிலிருந்து அடிவரை ஊசியைக் குத்தி இறக்கினேன். பூஜை அறையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

"இந்த வெளக்கு சூரியன். பழம் பூமி. ஊசியப் புடிச்சித் திருகினா பூமி தன்னத்தானே சுத்துது. வெளக்கப் பாக்குற பக்கம் பகலு, அந்தாண்ட பக்கம் ராத்திரி."

"சரி."

"நம்ம ஊரு எங்கன்னு ஒரு பொட்டு வெப்போம்." குங்குமத்தைத் தொட்டுப் பழத்தின் நடுவயிற்றுக்குச் சற்று மேலே வைத்தேன். "இது புதுச்சேரி." காம்புக்குக் கொஞ்சம் கீழே விபூதியால் ஒரு பொட்டு. "இது புள்ளைங்க இருக்குற ஊரு."

"சரி சம்மந்தி."

"இப்பதான் விஷயம். பூமி நேரா நிக்கல. சாஞ்சிதான் நிக்குது. ஊசியோட தலை எப்பவும் உங்க வாசக்கதவப் பாத்து சாஞ்சே இருக்கணும். வெளக்க எந்தப் பக்கம் சுத்தி வந்தாலும் சாய்வு மாறக்கூடாது."

சாய்த்த பழத்தை மெதுவாக விளக்கைச் சுற்றிக் கொண்டுபோனேன். விளக்குக்கு உள்பக்கம், சுவர் ஓரமாகப் போனபோது, கதவைப் பார்த்துச் சாய்ந்த தலை விளக்கையும் பார்த்துச் சாய்ந்தது. அங்கே நிறுத்தி ஊசியைத் திருகினேன். குங்குமப் பொட்டு பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக வெளிச்சத்தில் இருந்துவிட்டு இருட்டுக்குள் போனது. விபூதிப் பொட்டோ வெளிச்சத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. கடைசியில் சும்மா எட்டிப் பார்ப்பதுபோல இருட்டுக்குள் போய்விட்டு உடனே வெளியே வந்தது.

"இது ஆனி மாசம். பாத்தீங்களா? அங்க பகலு பதினாறு மணி நேரத்துக்கு மேல. நமக்கு பன்னண்டே முக்கால்."

பழத்தைக் கதவுப் பக்கம் கொண்டுவந்தேன். இப்போது தலை விளக்குக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருந்தது. திருகினால் விபூதிப் பொட்டு பெரும்பாலும் இருட்டில். "இது மார்கழி. அங்க நாலரை அஞ்சுக்கெல்லாம் இருட்டிடும். காத்தால எட்டரைக்கு மேலதான் விடியும். நம்ம பொட்டு நடுவுல இருக்குறதால நமக்கு ரொம்ப மாறாது. கொஞ்சம் முன்ன பின்ன, அவ்ளோதான். கிட்ட வர்றது, தூரம் போறது காரணமே இல்ல சம்மந்தியம்மா. சொல்லப்போனா ஆனியிலதான் நாம சூரியன வுட்டு ரொம்ப தூரத்துல இருக்கோம். எல்லாம் இந்த சாய்வுதான்."

சம்பந்தியம்மா என் கையிலிருந்து பழத்தை வாங்கித் தானே சுற்ற ஆரம்பித்தார். சாய்வு மாறுகிறதா என்று நான் கையைப் பிடித்துத் திருத்தினேன். இருவரும் விளக்கைச் சுற்றிக் குனிந்துகொண்டு, "சாயணும், சாயணும், இன்னும் சாயணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பக்கத்து வீட்டம்மா, வாங்கிப்போன இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சாத்திய ஜன்னல், எரியும் விளக்கு, கோணி ஊசி குத்திய எலுமிச்சம்பழம், அதில் குங்குமம், விபூதி, யாரோ சாய வேண்டும் என்று இரண்டு பேர் அரை இருட்டில் முணுமுணுக்கிறார்கள். வாசற்படியிலேயே பானையை வைத்துவிட்டுப் போனவர், அடுத்த ஒரு வாரம் அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகவே நடந்தார் என்று கேள்வி.

ராகுவும் விசாவும்

சம்பந்தியம்மா சுற்றுவதை நிறுத்தினார். பழத்தைக் கீழே வைத்தார்.

"சம்மந்தி, ராகுகாலம் எப்பிடி வருது?"

"எப்பிடின்னா? காலண்டர்ல போட்டிருக்கான்."

"காலண்டர்ல போட்டது கைவைத்தியம். சூரியன் கெளம்புனதுலேருந்து எறங்குற வரைக்கும் எட்டுப் பங்கு போடணும். சனிக்கெழமை மூணாவது பங்கு ராகுவோடது. நம்ம ஊர்ல பகலு பன்னண்டு மணி, அதனால பங்குக்கு ஒன்றரை மணி. அங்க பகலு பதினாறுன்னா?"

அவர் விரல் விட்டு எண்ணினார். என் போனில் அந்த ஊரின் உதயமும் அஸ்தமனமும் பார்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடி எண்ணினார்.

பகல் நீண்டால் பங்கும் நீளும். அந்த ஊரில் ராகுவுக்கு ஒன்றரை மணி நேரம் இல்லை, இரண்டு மணி நேரம். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கிப் பதினொன்றே முக்கால்வரை. மெரியில் முதலில் கொடுத்த ஒன்பது மணி தங்கமான நேரம். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பதினொரு மணி, நட்ட நடு ராகுகாலம்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்.

"ராகு நம்மூரு ஆளு சம்மந்தியம்மா. நம்ம டைம்படிதான் வேல பாப்பாரு. அவருக்கு விசா கெடைக்கவே நாளாவும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வெளையாடாதீங்க. நான் சொன்னது சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். "பழத்த குடுத்துட்டு வாங்கன்னுதான அனுப்புனேன்" என்றாள்.

நேரத்தை இனி மாற்ற முடியாது. மாற்றினால் இரண்டு மாதம் தள்ளிப்போகும், அதற்குள் ஆவணி வந்துவிடும். ஒரே வழி, பதினொரு மணிக்குத் தொடங்கினாலும், மாப்பிள்ளையும் பெண்ணும் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடுவதைப் பதினொன்றே முக்காலுக்கு மேல் கொண்டுபோவது. சட்டம் படிப்பார்கள், பிரவீன் விவரம் சொன்னான், அது கொஞ்ச நேரம் ஓடும். முந்தின ஜோடி படம் எடுத்து முடிக்க லேட் ஆகும், அதில் கொஞ்ச நேரம். எப்படி இழுத்தாலும் ஒரு கால் மணி நேரம் இடிக்கிறது.

நிவேதா மெரியில் பேசிப் பார்த்தாள். அங்கே இருந்த அம்மா நல்ல மாதிரி. பெண்ணின் பெற்றோர் புதுச்சேரியில் இருக்கிறார்கள் என்றதும், சம்மதம் கேட்பதற்கு முன் டிவி வழியாக அப்பா இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

"ரெண்டு வார்த்தையா?" என்றாள் மங்கை போனில். "இவுரு ரெண்டு வார்த்தையில முடிச்சி நீ பாத்திருக்கியா?"

அந்தப் பக்கம் நிவேதா சிரித்தாள். சம்பந்தியம்மாவுக்குத் தகவல் போனது. "சம்மந்தி பேசுவாரா?" என்று மட்டும் கேட்டாராம். "அதுல சந்தேகமே வேணாம்" என்று மங்கை சொன்னதைக் கேட்டு எனக்கு நெஞ்சு விரிந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக என் வாய்க்கு வீட்டில் மரியாதை.

அந்த மத்தியானம்

நான் எட்டு நாள் பேச்சைத் தயார் செய்தேன். பூமித்தாயிலிருந்து தொடங்குவதாக உத்தேசம். கடைசியில்தான் மணமக்கள். கையில் என் பழைய மைக். அதை டிவியோடு இணைக்கும் ஒயர்கள் தரையில் ஒரு சுவிட்ச் பலகையில் வந்து சேர்ந்தன. இடது பக்கம் மங்கை, வலது பக்கம் ஆட்டோவில் வந்து இறங்கிய சம்பந்தியம்மா. அவர் கையில் ஒரு டம்ளர் பாயசம். அதை நல்ல நேரத்தில்தான் குடிப்பேன் என்று வைத்திருந்தார். எங்கள் கடிகாரத்தில் மூன்றே கால் ஆனால் அங்கே பதினொன்றே முக்கால்.

எல்லாம் கணக்குப்படி நடந்தது. முந்தின ஜோடி தாமதம் செய்தது. பிரெஞ்சுக் கொடியின் மூவர்ணப் பட்டையைத் தோளில் அணிந்த அந்த மெரி அம்மா சட்டத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். கடிகாரம் மூன்று. பட்டை அணிந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினார்.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். அது என் நாக்குக்குப் பழக்கம். "அன்பார்ந்த" என்று தொடங்கினேன்.

நிவேதா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

பட்டுப் புடவை, காதில் ஜிமிக்கி, தலையில் அங்கே கிடைத்த ஏதோ வெள்ளைப் பூ. காதைப் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் போலவே சிரித்தாள். என் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நான் பேசாததால் கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேசுங்க" என்றாள் மங்கை. விலாவில் குத்தினாள். "நிறுத்தாம பேசுங்க."

எத்தனை கூட்டம், எத்தனை தேர், எத்தனை தெரு. ஊருக்கெல்லாம் பேசியவனுக்குப் பெற்ற பெண்ணிடம் சொல்ல ஒரு எழுத்துக் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் முட்டி நின்றது. சிமிட்டினால் விழுந்துவிடும் என்று சிமிட்டவும் இல்லை.

அந்தப் பக்கம் பட்டை அணிந்த அம்மா டிவியை உற்றுப் பார்த்தார். கையை ஆட்டிப் பார்த்தார். நிவேதா அவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். உடனே கண்ணாடி போட்ட ஒருவர் வந்து ஒயரைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"படம் நின்னுடுச்சின்னு நெனைக்கிறாங்க" என்று மங்கை உதடு அசையாமல் முணுமுணுத்தாள். அவள் கால் கட்டைவிரல் நீண்டுபோய் மைக் சுவிட்சை அணைத்தது. "அப்பிடியே இருங்க. அசையாதீங்க."

நான் அசைகிற நிலையில் இல்லை. மங்கை சிலையானாள். பாயச டம்ளரை வாய்வரை தூக்கியிருந்த சம்பந்தியம்மாவும், விஷயம் புரிந்து, தூக்கிய இடத்திலேயே நிறுத்திவிட்டார். மூன்று பேரும் போட்டோவாக உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்காரர் ஒயரைப் பிடுங்குவார், சொருகுவார், எங்களைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். ஒரு ஈ வந்து பாயசத்தின் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாக ஒரு சுற்று நடந்தது. சம்பந்தியம்மாவின் கண் மட்டும் அதைத் தொடர்ந்து போய் வந்தது. என் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கித் தாடைவரை போனது. துடைக்க முடியவில்லை.

எனக்கு அந்தக் கால் மணி நேரம் ஒரு ஆனி மாதப் பகலைவிட நீளம்.

"மூணே கால் தாண்டிடுச்சி" என்றார் சம்பந்தியம்மா, டம்ளருக்குப் பின்னாலிருந்து. "பேசுங்க சம்மந்தி."

மங்கையின் கட்டைவிரல் சுவிட்சைப் போட்டது. பூமித்தாய், கடல், விழாக் குழு எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தார்கள்.

"நல்லா இரும்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. பிரவீன் அதைப் பிரெஞ்சில் சொன்னான். அங்கேயும் அது சின்னதாகத்தான் இருந்தது.

பட்டை அணிந்த அம்மா சம்மதமா என்று கேட்டார். பிரவீன் "உய்" என்றான். நிவேதா "உய்" என்றாள். இருவரும் குனிந்து கையெழுத்துப் போட்டார்கள். சம்பந்தியம்மா ஈ உட்கார்ந்த பாயசத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி என் கல்யாணத்துலயும் யாராச்சும் இப்பிடி கொஞ்ச நேரம் வாய் அடைச்சி ஒக்காந்திருக்கலாம்" என்றார். பிறகு ஆவணிப் புடவையை எங்கே எடுப்பது என்று மங்கையிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் நிவேதாவின் குரல் பதிவு வந்தது. சம்பந்தியம்மாவை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து, மங்கையும் நானும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டோம்.

"அப்பா, படம் ஒண்ணும் நிக்கல. ஒங்க பின்னாடி காலண்டர் ஆடிக்கிட்டே இருந்துச்சி. ஃபேன யாராவது நிறுத்தியிருக்க வேணாமா? நான்தான் அந்தம்மாகிட்ட, எங்க ஊர்ல நெட் இப்பிடித்தான், நின்னு நின்னு வரும், கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன். அத்தைக்காக மட்டும் சொல்லல. நீங்க அழுது முடிக்கணும் இல்ல."

மங்கை என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

பிறகு எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.